படித்ததைப் படமாகப் போடுவோம், படத்தைப் பார்த்து எழுதுவோம்



சேமிப்பு, கடன் தவணை, வங்கி வேலை எல்லாம் பேசி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்தும் போட்ட பிறகு நம் கூட்டங்களில் வருகிற பேச்சு பெரும்பாலும் பிள்ளைகள் படிப்பைப் பற்றித்தான்.

"பையன் கடகடன்னு வாசிக்கிறான். என்னடா புரிஞ்சுதுன்னு கேட்டா முழிக்கிறான்."

"பொண்ணு கேள்வி பதிலை அப்படியே மனப்பாடம் பண்ணிடுது. கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டா எழுத வரலை."

"சொந்தமா நாலு வரி எழுதுன்னா பென்சிலைக் கடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கு."

இப்படிச் சொல்லாத தாய் இருக்க முடியாது. இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. 5-ஆம் வகுப்பு தாண்டியதும் அறிவியல், சமூக அறிவியல் என்று பாடங்கள் பெரிதாகிவிடும். வாசித்தது புரியவில்லை என்றால் ஒரு பாடத்தில் மட்டும் அல்ல, எல்லாப் பாடத்திலும் பிள்ளை பின்தங்கும். பின்தங்கிய பிள்ளைக்கு வகுப்பில் கூச்சம் வரும். கூச்சம் வந்தால் வயிற்று வலி, தலை வலி என்று லீவு போடும். அதுவும் பெண் பிள்ளையாக இருந்தால், "படிப்பு ஏறலை, எதுக்கு அனுப்பிக்கிட்டு" என்ற பேச்சு வீட்டுக்குள் வந்துவிடும். அந்தப் பேச்சுக்குப் பின்னால் எந்தப் பேச்சு வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

டியூஷனுக்கு அனுப்ப எல்லோராலும் முடியாது. அதனால் செலவு இல்லாமல், வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய ஒரு வழியை இந்த இதழில் பார்ப்போம். அதன் பெயர் கருத்துப் படம்.

கருத்துப் படம் என்றால் என்ன?

ஒரு பாடத்தில் உள்ள முக்கியமான விஷயங்களை வட்டம், கட்டம், கோடு, அம்புக்குறி போட்டு ஒரே பார்வையில் தெரியும்படி வைப்பதுதான் கருத்துப் படம். இதற்கு ஓவியம் வரையத் தெரிய வேண்டியதில்லை. மரத்தை வரைய வேண்டாம், 'மரம்' என்று எழுதி ஒரு வட்டம் போட்டால் போதும்.

ஒரு உதாரணம் சொல்கிறோம். "அவ எங்க பெரியம்மா பொண்ணோட நாத்தனார் மக" என்று யாராவது சொன்னால், நாம் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அதையே தரையில் பெயர்களை எழுதி, யாருக்கு யார் என்று கோடு இழுத்துக் காட்டினால் சட்டென்று விளங்கிவிடும். சொந்தத்தில் எந்தக் குழப்பமும் இல்லை, சொல்லும்போதுதான் சுற்றி வளைத்து வருகிறது. கோடு போட்டதும் யார் யாரோடு சேர்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பாடமும் அப்படித்தான். புத்தகத்தில் வரிக்குப் பின் வரியாக வருகிறது. எது எதோடு சேர்கிறது என்பதைப் பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும். கருத்துப் படம் அந்த வேலைக்குத் துணை செய்கிறது.

நமக்கு இது புதுசு இல்லை

மக்கள் நிலை ஆய்வு நடந்தபோது என்ன செய்தோம் என்று நினைத்துப் பாருங்கள். கோலமாவும் கலர்ப் பொடியும் வைத்துத் தெருவில் ஊர்ப் படம் போட்டோம். எந்த வீடு எங்கே, குழாய் எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று குறித்தோம். எந்த மாதம் வேலை இருக்கும், எந்த மாதம் கை வறண்டு போகும் என்று பருவகால அட்டவணை போட்டோம். ஊராட்சி, வங்கி, ரேஷன் கடை எல்லாம் நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பெரிய வட்டம், சின்ன வட்டம் வைத்துக் காட்டினோமே, அதைச் 'சப்பாத்திப் படம்' என்று சொல்லிச் சிரித்தோம். அதெல்லாம் கருத்துப் படங்கள்தான். பள்ளிக்கூடமே போகாத பெண்களும் அதில் கை வைத்துப் பேசினார்கள்.

இதே முறையை வைத்துப் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தந்த நாடுகள் உண்டு. பிரேசில் நாட்டில் பாவ்லோ பிரைரே (1921-1997) என்ற கல்வியாளர் இருந்தார். மக்களுடைய சொந்த வாழ்க்கையில் உள்ள சொற்களிலிருந்துதான் படிப்பு தொடங்க வேண்டும் என்று சொன்னவர் அவர். 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளி மக்களுக்கு அவர் முறையில் எழுத்தறிவு வகுப்பு நடந்தது. பிறகு ஆக்‌ஷன் எய்டு என்ற தொண்டு நிறுவனம், பிரைரேயின் கருத்தையும் ஊர்ப் படம் போடும் முறையையும் ஒன்றாகச் சேர்த்து 'ரிஃப்ளெக்ட்' என்ற முறையை உருவாக்கியது. 1993 முதல் 1995 வரை உகாண்டா, வங்கதேசம், எல் சால்வடார் ஆகிய 3 நாடுகளில் அதைச் செய்து பார்த்தார்கள். வங்கதேசத்தில் அதில் படித்தவர்கள் நம்மைப் போலச் சேமிப்பு, கடன் குழுவில் இருந்த பெண்கள். அங்கே அச்சடித்த பாடப் புத்தகம் கிடையாது. அவர்கள் போட்ட படத்தில் உள்ள 'கிணறு', 'வயல்', 'கடன்' போன்ற சொற்கள்தான் முதல் பாடம்.

நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் இது இருந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08 கல்வியாண்டில் 1 முதல் 4 வகுப்பு வரை மாநிலம் முழுக்க வந்தது. அதைத் தொடர்ந்து 6, 7, 8 வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி முறை வந்தது. அதில் பாடத்தைப் படித்த பிறகு 'மனவரைபடம்' வரைவது ஒரு முக்கியமான படி. பாடத் தலைப்பை நடுவில் எழுதி, சுற்றிலும் கிளை கிளையாக விஷயங்களை எழுதுவார்கள். பிறகு அதைத் தொகுத்துச் சொல்லுவார்கள், எழுதுவார்கள். அன்று அந்த வகுப்புகளில் படித்த பெண்கள் இன்று நம் குழுக்களில் இளம் உறுப்பினர்களாக, தாய்மாராக இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் "ஆமாக்கா, நாங்க சார்ட்ல போட்டிருக்கோம்" என்பார்கள். அவர்களை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

எப்படி உதவுகிறது?

முதலாவது, படம் போட வேண்டுமென்றால் எது முக்கியம், எது முக்கியம் இல்லை என்று பிள்ளை முடிவு செய்தாக வேண்டும். ஒரு பக்கத்தையும் கட்டத்துக்குள் எழுத முடியாது. 3 சொல்தான் எழுத இடம் இருக்கிறது என்றால், எந்த 3 சொல் என்று யோசிக்கும். அந்த யோசனைதான் புரிந்து படிப்பது.

இரண்டாவது, கோடு போட வேண்டுமென்றால் எது எதனால் வந்தது, எதற்குப் பிறகு எது என்று பார்க்க வேண்டும். மனப்பாடத்தில் இது நடக்காது.

மூன்றாவது, எழுதும் பயம் போகிறது. வெறும் தாளைப் பார்த்தால் பெரியவர்களுக்கே ஒன்றும் ஓடாது. பக்கத்தில் படம் இருந்தால் 'என்ன எழுதுவது' என்ற கவலை தீர்ந்தது. 'எப்படி எழுதுவது' என்பதை மட்டும் யோசித்தால் போதும். இரண்டு சுமையை ஒரே நேரத்தில் தூக்காமல், ஒன்றை இறக்கி வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்குவது போல.

வீட்டில் போடக்கூடிய 5 படங்கள்

சிலேட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், சிமெண்டு தரையில் சாக்பீஸ், மண் வாசலில் குச்சி, எது இருந்தாலும் போதும்.

1. கதைப் படம்

கதை படித்தால் இந்தப் படம். 5 கட்டம் போட வேண்டும். யார்? எங்கே? என்ன ஆசை அல்லது பிரச்சனை? என்ன நடந்தது? முடிவு என்ன?

நமக்குத் தெரிந்த காக்கா வடைக் கதையையே எடுத்துக்கொள்வோம். யார்: காக்கா, நரி, பாட்டி. எங்கே: மரத்தடி. பிரச்சனை: நரிக்கு வடை வேணும், ஆனால் அது காக்கா வாயில் இருக்கிறது. நடந்தது: பாடச் சொல்லிப் புகழ்ந்தது, காக்கா வாயைத் திறந்தது. முடிவு: வடை கீழே விழுந்தது, நரி எடுத்துக்கொண்டது.

கட்டம் நிரம்பியதும் ஒரு கேள்வி கேளுங்கள். "காக்கா வடையைக் காலில் வைத்துக்கொண்டு பாடியிருந்தால்?" இப்போது 'என்ன நடந்தது' கட்டத்தையும் 'முடிவு' கட்டத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். பிள்ளை ஒரு புதுக் கதையே எழுதிவிட்டது. சொந்தமாக எழுதும் பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது.

2. வரிசைப் படம்

ஒன்றன் பின் ஒன்றாக நடக்கும் விஷயத்துக்கு இந்தப் படம். கட்டம், அம்புக்குறி, கட்டம், அம்புக்குறி என்று போகும். நெல் சாகுபடியைப் பாருங்கள். விதை நெல்லை ஊறப் போடுதல், முளை கட்டுதல், நாற்றங்காலில் விதைத்தல், நாற்றுப் பறித்தல், நடவு, களை எடுத்தல், அறுப்பு, கதிர் அடித்தல். இதில் பிள்ளை கேட்க வேண்டும், நாம் சொல்ல வேண்டும், பிள்ளை எழுத வேண்டும். இங்கே நாம்தான் வாத்தியார்! "இதுல ஒரு கட்டத்தை எடுத்துட்டா என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். களை எடுக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று பிள்ளையே சொல்லும். அறிவியல் பாடத்தில் வரும் மழை உண்டாகும் விதம், பட்டாம்பூச்சியின் வளர்ச்சி எல்லாம் இதே படத்தில் அடங்கும்.

3. இரட்டை வட்டம்

இரண்டு பொருளை ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் படம். இரண்டு வட்டம் ஒன்றோடு ஒன்று கொஞ்சம் ஏறிக்கொண்டு நிற்கும். நடுவில் ஏறிய பாகம் இரண்டுக்கும் பொதுவானது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வென் என்ற கணித அறிஞர் 1880-இல் இதை விளக்கி எழுதினார். அதனால் பள்ளிக்கூடத்தில் 'வென் படம்' என்பார்கள்.

இடது வட்டத்தில் பசு, வலது வட்டத்தில் எருமை என்று வைப்போம். பசு: பால் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், கொழுப்பு குறைவு. எருமை: பால் நல்ல வெள்ளை, கொழுப்பு அதிகம், வெயில் தாங்காமல் தண்ணீரில் போய்ப் படுக்கும். நடுவில்: இரண்டுமே புல் தின்னும், அசை போடும், பால் கொடுக்கும். பரீட்சையில் 'வேறுபாடு எழுதுக' என்று கேட்டால் இரண்டு ஓரங்களையும் எழுதினால் போதும். 'ஒற்றுமை எழுதுக' என்றால் நடுப் பாகம்.

4. காரணப் படம்

எதனால் எது வந்தது என்று சங்கிலியாகப் போடுவது இந்தப் படம். டெங்கு பற்றிய பாடத்தைப் பார்ப்போம். தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் தேங்குகிறது. ஏடிஸ் கொசு அங்கே முட்டை இடுகிறது. 7 முதல் 10 நாளில் முட்டை கொசுவாகிவிடும். அந்தக் கொசு பகலில் கடிக்கிறது. டெங்கு கிருமி உள்ளவரைக் கடித்த கொசு அடுத்தவரையும் கடித்தால் அவருக்கும் காய்ச்சல் வருகிறது. வேலைக்குப் போக முடியவில்லை. வைத்தியத்துக்குக் கடன் வாங்குகிறோம்.

இப்போது கேளுங்கள்: "இந்தச் சங்கிலியை எங்கே வெட்டலாம்?" பிள்ளை படத்தைப் பார்த்துச் சொல்லும், "வாரம் ஒரு தடவை தண்ணியைக் கொட்டித் தொட்டியைத் தேய்ச்சுட்டா கொசு ஆகாதே!" கொசு ஆக 7 நாளாவது வேண்டும் என்பதால்தான் வாரம் ஒரு முறை என்று சுகாதாரத் துறை சொல்கிறது. மனப்பாடம் பண்ணின பிள்ளைக்கு 'வாரம் ஒருமுறை' என்ற சொல் மட்டும் தெரியும். படம் போட்ட பிள்ளைக்கு ஏன் என்பதும் தெரியும்.

5. மூன்று பத்தி

இது படிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டிய படம். அமெரிக்காவில் டோனா ஓகிள் என்ற ஆசிரியர் 1986-இல் இதை எழுதி வெளியிட்டார். தாளில் 3 பத்தி பிரிக்க வேண்டும். 'தெரிஞ்சது', 'தெரிஞ்சுக்கணும்', 'தெரிஞ்சுக்கிட்டது'.

பாடம் மண்புழு என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தைத் திறக்கும் முன் முதல் பத்தி: மண்ணுக்குள்ள இருக்கும், தூண்டிலில் மாட்டுவாங்க. இரண்டாவது பத்தி: அதுக்குக் கண் உண்டா? எப்படி மூச்சு விடும்? இப்போது பாடத்தைப் படித்துவிட்டு மூன்றாவது பத்தி: கண் கிடையாது, ஆனால் வெளிச்சத்தை உணரும். தோல் வழியாக மூச்சு விடும். அதன் கழிவு நல்ல உரம். பாடத்தில் பதில் கிடைக்காத கேள்வி இருந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, மறுநாள் டீச்சரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேள்வியோடு படிக்கும் பிள்ளை பதிலைத் தேடிப் படிக்கும்.

புரியாத சொல்லுக்கு நாலு கட்டம்

வாசிப்பில் பிள்ளை தடுமாறுவதற்குக் கடினமான சொல் ஒரு காரணம். 'ஆவியாதல்' என்ற சொல் வந்தால் தாளை நாலாக மடித்துப் பிரிக்க வேண்டும். முதல் கட்டத்தில் பொருள்: தண்ணீர் சூட்டில் ஆவியாகிப் போவது. இரண்டாவதில் உதாரணம்: கொடியில் போட்ட ஈரத் துணி காய்வது. மூன்றாவதில் எது இல்லை: குடத்தில் ஓட்டை இருந்து தண்ணீர் ஒழுகுவது ஆவியாதல் இல்லை. நாலாவதில் சொந்த வாக்கியம். 'எது இல்லை' என்று யோசிப்பதில்தான் சொல்லின் பொருள் நன்றாகப் பதிகிறது. ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும்.

படத்திலிருந்து எழுத்துக்கு

படம் போட்டதோடு விட்டால் பாதி வேலைதான் முடிந்தது. படத்தை மறுபடி வாக்கியமாக மாற்ற வேண்டும். 4 படி வைத்துக்கொள்வோம்.

முதல் படி, விரலை வைத்துச் சொல்லுதல். படத்தில் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து வாயால் சொல்ல வேண்டும். வாயில் வராதது கையில் வராது.

இரண்டாம் படி, ஒரு கட்டத்துக்கு ஒரு வாக்கியம். 'எங்கள் ஊர்க் குளம்' என்று நடுவில் எழுதி 4 கிளை போட்டிருந்தால் 4 வாக்கியம் வந்துவிடும். கிளைகள்: எங்கே இருக்கு, யாருக்குப் பயன், இப்போ எப்படி இருக்கு, என்ன செய்யணும்.

மூன்றாம் படி, இணைப்புச் சொல். அம்புக்குறி இருக்கும் இடத்தில் ஒரு சொல் வர வேண்டும். வரிசைப் படத்துக்கு 'முதலில், அதன் பிறகு, கடைசியில்'. இரட்டை வட்டத்துக்கு 'இரண்டுமே, ஆனால்'. காரணப் படத்துக்கு 'அதனால், ஏனென்றால்'. இந்த 7 சொல்லையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இந்தச் சொற்கள் வந்துவிட்டால் துண்டு துண்டாக இருக்கும் வரிகள் கட்டுரையாகிவிடும்.

நான்காம் படி, ஒரு முறை வாசித்துப் பார்த்தல். எழுதியதைப் பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும். படத்தில் இருந்து ஏதாவது விட்டுப்போச்சா என்று பார்க்கட்டும். எழுத்துப் பிழை திருத்துவது இதற்குப் பிறகுதான். எழுதும்போதே "இது தப்பு, அது தப்பு" என்று தலையில் குட்டினால் அடுத்த வரி வராது.

எழுதப் படிக்கத் தெரியாத தாய் என்ன செய்வது?

"எனக்கே எழுத்து தெரியாது, நான் எப்படிச் சொல்லித் தர?" என்று ஒதுங்க வேண்டாம். இந்த முறையில் தாய் வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை. பிள்ளை வாசிக்கட்டும். நாம் கேட்போம். பிறகு "யாரு? எங்கே? அப்புறம் என்ன ஆச்சு? ஏன் அப்படி?" என்று கேள்வி கேட்போம். "அதைக் கட்டத்துல போடு" என்போம். எத்தனை கட்டம் நிரம்பியிருக்கு, எது காலியாக இருக்கு என்பது எழுத்து தெரியாத கண்ணுக்கும் தெரியும். காலிக் கட்டத்தைக் காட்டி "இதுல என்ன வரும்?" என்று கேட்டாலே பிள்ளை மறுபடி புத்தகத்தைப் பார்க்கும்.

நமக்குச் சொல்லித் தரும்போது பிள்ளைக்கும் பாடம் தெளிவாகிவிடும். அதோடு, தினமும் பார்க்கிற 10 சொல் நமக்கும் பழகிவிடும். கைநாட்டு வைத்த எத்தனையோ பேர் குழுவில் சேர்ந்துதான் கையெழுத்துப் போடப் பழகினார்கள். கையெழுத்தோடு நிற்க வேண்டாம் என்பதுதான் எங்கள் ஆசை.

மனு எழுதவும் கடன் தாள் படிக்கவும்

கிராம சபைக்கு மனு கொடுக்கும்போது வேறு யாரையாவது எழுதித் தரச் சொல்லிக் காத்துக் கிடக்கிறோம். நடுவில் 'தெருக் குழாய்' என்று எழுதி 6 கிளை போடுங்கள். என்ன பிரச்சனை? எந்தத் தெரு? எப்போதிலிருந்து? எத்தனை குடும்பத்துக்குக் கஷ்டம்? முன்பு யாரிடம் சொன்னோம்? இப்போது என்ன செய்து தர வேண்டும்? ஆளுக்கு ஒரு கிளைக்குப் பதில் சொன்னால் 10 நிமிடத்தில் மனு தயார். கிளைகளை வரிசையாக எழுதிப் பெறுநர், அனுப்புநர், தேதி, கையெழுத்துச் சேர்த்தால் முடிந்தது. எந்தத் தெரு, எத்தனை குடும்பம், எப்போதிலிருந்து என்று விவரமாக இருக்கும் மனுவைத் தட்டிக் கழிப்பது கஷ்டம்.

கடன் வாங்கும்போது இது இன்னும் முக்கியம். சிறுகடன் கொடுக்கும் நிறுவனங்கள், கடன் விவரங்களை எளிமையான ஒரு விவரத் தாளில் தர வேண்டும், வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கடன் அட்டையும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி போட்டு, 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தாள் கையில் இருந்தாலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் பயன் இல்லை. 5 கட்டம் போடுங்கள். கையில் கிடைப்பது எவ்வளவு? பிடித்துக்கொள்வது எவ்வளவு? எத்தனை தவணை? ஒரு தவணை எவ்வளவு? கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்போம்?

ஒரு கணக்குப் பாருங்கள். 10,000 ரூபாய் கடன், 10 மாதத் தவணை, மாதம் 1,000 ரூபாய் அசல், வட்டி மாதம் நூற்றுக்கு 1 ரூபாய். பாக்கி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் முதல் மாதம் 100, அடுத்து 90, பிறகு 80 என்று குறைந்து மொத்த வட்டி 550 ரூபாய். முழு 10,000-க்கும் கடைசி வரை வட்டி போட்டால் மாதம் 100 வீதம் 1,000 ரூபாய். இரண்டு இடத்திலும் சொல்வது 'நூத்துக்கு ஒரு ரூபா' தான்! காதில் கேட்டால் ஒன்று போலத் தெரியும். இரண்டு பத்தி போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் 450 ரூபாய் வித்தியாசம் கண்ணில் படும்.

கவனிக்க வேண்டியவை

* படத்தை நாம் போட்டுக் கொடுத்துவிடக் கூடாது. கோணல் மாணலாக இருந்தாலும் பிள்ளையே போடட்டும். யோசிப்பதுதான் படிப்பு. அழகான படத்தைப் பார்த்துக் காப்பி அடிப்பதில் யோசனை இல்லை.

* கட்டத்துக்குள் முழு வாக்கியம் வேண்டாம். 2, 3 சொல் போதும்.

* பாடத்துக்குப் பொருந்தும் படத்தை எடுக்க வேண்டும். கதைக்கு இரட்டை வட்டமும், ஒப்பீட்டுக்கு வரிசைப் படமும் பொருந்தாது. எந்தப் படம் பொருந்தும் என்று பிள்ளையையே கேளுங்கள்.

* எழுத்துக் கூட்டி வாசிக்கவே தெரியாத பிள்ளைக்கு முதலில் எழுத்துப் பயிற்சி வேண்டும். அந்தப் பிள்ளைக்கு நாம் கதை சொல்லிப் படம் போட வைக்கலாம், ஆனால் எழுத்துப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. வகுப்பு ஆசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். கண் சரியாகத் தெரிகிறதா, காது கேட்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

* ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். பிள்ளை சலித்துப் போனால் நிறுத்திவிடுங்கள்.

* அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் திட்ட வேண்டாம். போன மாதத் தாளையும் இந்த மாதத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வளர்ச்சி தெரியும்.

இந்த மாதம் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு குழுவிலும் எழுதப் படிக்கத் தெரிந்த 2 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுங்கள். பள்ளியில் மனவரைபடம் போட்டுப் பழகிய இளம் உறுப்பினர் இருந்தால் இன்னும் நல்லது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த பெண்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களையும் கூப்பிடுங்கள். வாரம் 2 நாள் சாயங்காலம் ஒரு திண்ணையிலோ கோயில் வாசலிலோ பிள்ளைகளை உட்கார வைக்கலாம்.

முதல் வாரம் கதைப் படம், இரண்டாம் வாரம் வரிசைப் படம், மூன்றாம் வாரம் இரட்டை வட்டம், நான்காம் வாரம் காரணப் படம். நான்கு வாரம் முடிந்ததும் பிள்ளைகள் எழுதியதைக் குழுக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். நாம் கை தட்டுவோம். தாய்மார் முன்னால் எழுந்து நின்று தான் எழுதியதை வாசித்த பெண் பிள்ளை, "எனக்குப் படிப்பு வராது" என்று அவ்வளவு சீக்கிரம் சொல்லமாட்டாள். வீட்டில் வேறு யாராவது சொன்னாலும், அந்தத் தாளை எடுத்துக் காட்ட அவள் தாய்க்கு ஒரு ஆதாரம் இருக்கும்.

சேமிப்பில் நாம் 10, 20 என்றுதான் ஆரம்பித்தோம். இதையும் ஒரு நாளைக்கு ஒரு சொல், வாரத்துக்கு ஒரு படம் என்று ஆரம்பிப்போம். பிள்ளைகள் போட்ட படத்தையும் எழுதிய கட்டுரையையும் ஊராட்சிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். நல்லதாக வந்தவற்றை நம் செய்தி மடலில் போடுவோம். அடுத்த மாதக் கூட்டத்தில் 'பிள்ளைகள் வாசிப்பு' என்று ஒரு தீர்மானம் எழுதி, யார் பொறுப்பு, எந்த நாள், எந்த இடம் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.